ஸ்டார் ஆடுவாரா, மாட்டாரா? என்பிஏ இஞ்சுரி ரிப்போர்ட்டை நம்பி டிக்கெட் வாங்கலாமா?

அமெரிக்காவின் பெரிய பேஸ்கட்பால் லீக்கான என்பிஏவின் டிக்கெட் ஒரு விசித்திரமான சரக்கு. ஆகஸ்டில் ஷெட்யூல் வெளியாகும், ஜனவரி ஆட்டத்துக்கு அப்போதே இடம் பிடிக்கலாம். ஆனால் யாரைப் பார்க்க அந்தப் பணத்தைக் கொடுத்தோமோ, அவர் களமிறங்குவாரா என்பது பெரும்பாலும் ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்குத்தான் எழுத்தில் வரும். டிக்கெட்டில் இருப்பது இரண்டு அணிகளின் பெயர்தான். ஸ்டார் சிவில் உடையில் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாலும், வாங்கினவர் வாங்கினதுதான்.

அந்த 5 மணித் தகவலைத் தருவது என்பிஏவின் அதிகாரபூர்வ இஞ்சுரி ரிப்போர்ட், அதாவது காயப் பட்டியல். லீக்கின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு பிடிஎஃப். சூதாட்ட நிறுவனங்கள், ஃபேன்டஸி ஆடுகிறவர்கள், செய்தியாளர்கள் என எல்லோரும் தொங்கிக்கொண்டிருப்பது இதில்தான். இங்கே இதை டிக்கெட் வாங்குகிறவர் கண்ணால் மட்டும் பார்ப்போம். ‘ஆடுவாரா?’ என்ற கேள்விக்கு இது நன்றாகவே பதில் சொல்கிறது. ‘ஏன் ஆடவில்லை?’ என்ற கேள்விக்கு இது சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். அந்த மீதிப் பாதியைக் கெடுத்ததில் லீக்கின் சொந்த விதிகளுக்கே பெரிய பங்கு உண்டு.

முதலில் தாளைப் பார்க்கலாம். ஏழு பத்திகள்: தேதி, நேரம், எந்த அணிக்கு எந்த அணி, அணியின் பெயர், ஆட்டக்காரர் பெயர், நிலை, காரணம். பெயர் குடும்பப் பெயரில் தொடங்கும்: ‘எம்பீட், ஜோயல்’ என்ற மாதிரி. நேரம் எல்லாமே அமெரிக்கக் கிழக்கு நேரம். லாஸ் ஏஞ்சலிஸில் இரவு 7:30 மணி ஆட்டம் இதில் 10:30 என்று நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. அணி இன்னும் பட்டியலைக் கொடுக்கவில்லை என்றால் அதன் வரிசையில் ‘நாட் யெட் சப்மிட்டட்’ என்று இருக்கும். அதைப் பார்த்து ‘யாருக்கும் அடி இல்லை’ என்று நினைத்துக்கொள்வது அடுத்த தடுக்கல்.

பட்டியலில் பாதிப் பெயர்கள் நமக்குத் தேவையே இல்லாதவை. ‘ஜி லீக் - டூ வே’, ‘ஜி லீக் - ஆன் அசைன்மென்ட்’ என்று வருபவர்கள் அடிபட்டவர்கள் அல்லர். கீழ்நிலை லீகில் ஆட அனுப்பப்பட்ட இளைஞர்கள். கண்ணை அவர்கள் மேல் ஓடவிடாமல் நேராகக் காரணப் பத்திக்குப் போவதுதான் பழக்கமான வாசிப்பு.

நிலை ஐந்து வகை. ‘அவுட்’ என்றால் ஆடமாட்டார். ‘டவுட்ஃபுல்’ என்பதையும் அவுட் என்றே வைத்துக்கொள்ளலாம். ‘பிராபபிள்’ என்றால் அநேகமாக ஆடுவார். முன்பு பட்டியலில் இருந்து இப்போது சரியாகிவிட்டவர் ‘அவைலபிள்’. தலைவலி ‘குவெஸ்சனபிள்’தான். பாதிக்குப் பாதி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. உண்மையில் அது ஆளுக்கு ஆள், அணிக்கு அணி மாறும். கணுக்கால் பிசகி இரண்டு நாள் ஆன ஒருவருக்கு அந்தச் சொல் நேர்மையான பாதி. சீசன் முழுக்க அதே முட்டிக்காக அதே சொல்லைச் சுமந்துகொண்டு, பெரும்பாலான இரவுகளில் ஆடியும்விடும் ஒருவருக்கு அது வெறும் சம்பிரதாயம். ஆகவே ஒரு நாள் தாளைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. அதே ஆட்டக்காரரின் முந்தைய பத்து ஆட்டங்களில் இந்தச் சொல் வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

நேர விதி தெளிவானது. ஆட்டத்துக்கு முந்தின நாள், உள்ளூர் நேரப்படி மாலை 5 மணிக்குள் அணி பட்டியல் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஆட்டம் இருந்தால் (இதைத்தான் ‘பேக் டு பேக்’ என்பார்கள்), இரண்டாவது ஆட்டத்துக்கு மட்டும் அன்றைக்குப் பகல் 1 மணி வரை அவகாசம். பிறகு நிலைமை மாற மாற பிடிஎஃப் புதுப்பிக்கப்படும். தொடக்க ஐவரின் பெயர் ஆட்டத்துக்கு அரை மணி முன்பு உறுதியாகும். இந்த விதிக்குள் ஒரு பொறி இருப்பது கவனமாகப் படித்தால்தான் தெரியும். ஸ்டார்கள் அதிகமாக உட்கார வைக்கப்படுவது பேக் டு பேக்கின் இரண்டாம் இரவில். அந்த இரவுக்குத்தான் தகவல் மிகத் தாமதமாக வருகிறது. வெளியூரிலிருந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவருக்குப் பகல் 1 மணித் தகவல் எந்த மூலைக்கு?

இந்தச் சேவையை வைத்துக் காசு மிச்சப்படுத்த வேண்டுமானால் பிடிஎஃப்பைத் தனியாகப் படிக்கக்கூடாது, ஷெட்யூலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஷெட்யூலின் கணக்கு இதுதான். லீக்கின் 30 அணிகள் கிழக்கு, மேற்கு என இரண்டு கான்ஃபரன்ஸ்களாகவும், ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் மூன்று டிவிஷன்களாகவும் பிரிந்திருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டம். தன் டிவிஷனின் நான்கு அணிகளோடு தலா 4, தன் கான்ஃபரன்ஸின் வேறு ஆறு அணிகளோடு தலா 4, மீதி நான்கு அணிகளோடு தலா 3, எதிர் கான்ஃபரன்ஸின் பதினைந்து அணிகளோடு தலா 2. அதாவது 16, 24, 12, 30. கடைசிக் கணக்கைத்தான் ரசிகர் மனதில் வைக்க வேண்டும். எதிர் கான்ஃபரன்ஸ் ஸ்டார் உங்கள் ஊருக்கு வருவது வருஷத்துக்கு ஒரே ஒரு இரவு. அந்த இரவு அவருக்கு பேக் டு பேக்கின் இரண்டாம் நாளாக அமைந்தால், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

2024-25 சீசன் அக்டோபர் 22 முதல் ஏப்ரல் 13 வரை ஓடியது. 174 நாளில் 82 ஆட்டம், நடுவில் ஸ்டார்களின் காட்சி ஆட்டத்துக்காக லீக் நிற்கும் ஆல் ஸ்டார் வாரம் வேறு. இரண்டு நாளுக்கு ஓர் ஆட்டம் என்ற இந்த நெருக்கடியில் அடுத்தடுத்த இரவு ஆட்டங்கள் தவிர்க்கவே முடியாதவை. 2014-15இல் ஓர் அணிக்குச் சராசரியாக 19.3 பேக் டு பேக் இருந்தது. 2017-18இல் லீக் சீசனை ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கி அதை 14.4 ஆக்கியது. ஐந்து இரவில் நான்கு ஆட்டம் என்ற கொடுமையும் அந்த வருஷத்தோடு ஒழிந்தது. அணி முதலாளிகளின் கதவடைப்புக்குப் பிறகு நெருக்கிப் போட்ட 1999, 2011-12 சீசன்களில் மூன்று இரவில் மூன்று ஆட்டம்கூட நடந்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய ஷெட்யூல் எவ்வளவோ தேவலை. ஆனால் 12க்கும் 15க்கும் இடையில் வந்து நின்றதற்குக் கீழே அது இறங்கவில்லை. 82 என்ற எண்ணில் கை வைக்காமல் இறங்கவும் இறங்காது. டிக்கெட் வருமானமும் டிவி ஒப்பந்தமும் அந்த எண் மேல்தான் நிற்கின்றன.

எல்லா பேக் டு பேக்கும் ஒன்றல்ல. ஒரே அரங்கில் இரண்டு இரவு என்றால் ஆட்டக்காரர் வீட்டில் தூங்குகிறார். லாஸ் ஏஞ்சலிஸில் ஆடிவிட்டு மறுநாள் டென்வரில் ஆடும் இரவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 7:30க்குத் தொடங்கிய ஆட்டம் 10 மணிக்கு முடிகிறது. ஐஸ் ஒத்தடம், குளியல், பேட்டி, பஸ், விமான நிலையம் என்று இரண்டு மணி நேரம் போய்விடும். தனி விமானம் கிளம்பும்போது நள்ளிரவு. டென்வர் நேரத்தில் அதுவே 1 மணி. இரண்டு மணி நேரப் பறப்பு, பிறகு ஹோட்டல். தலையணையில் தலை சாயும்போது மணி நாலை நெருங்கியிருக்கும். மாலை 7 மணிக்குக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் ஊரில், அந்த ஊர்க்காற்றுக்குப் பழகிய அணியோடு ஓட வேண்டும். இப்படிப்பட்ட இரண்டாம் இரவுக்கு, பழைய முட்டிக் காயம் உள்ள ஒருவரை நம்பி டிக்கெட் வாங்குவது கிணறு வெட்டும் முன்பே குழாய் வாங்கும் கதை. ஷெட்யூலில் பார்க்க வேண்டியவை மூன்றே: முந்தின இரவு ஆட்டம் உண்டா, அது எந்த ஊரில், கிழக்கு நோக்கி வருகிறார்களா. கிழக்கே வரும்போது கடிகாரம் முன்னே ஓடி, தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

இனி காரணப் பத்திக்கு வருவோம். பூசி மெழுகுவது எல்லாம் நடப்பது இங்கேதான்.

2012 மார்ச்சில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி தன் மூத்த ஸ்டார் டிம் டங்கனுக்கு ஓர் இரவு ஓய்வு கொடுத்தது. ஸ்கோர் தாளில் அவர் ஆடாததற்குக் காரணம் ‘ஓல்ட்’ என்று இருந்தது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான். இத்தனை நேர்மையான காரணம் அதன் பிறகு வந்ததில்லை. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, மயாமியில் தேசிய டிவி ஆட்டத்துக்கு முன்பு, ஸ்பர்ஸ் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் விமானமேற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டே வெறும் 5 புள்ளியில்தான் தோற்றார்கள். ஆனாலும் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் 2.5 லட்சம் டாலர் அபராதம் போட்டார். 2017 மார்ச்சில் கோல்டன் ஸ்டேட்டும் கிளீவ்லாந்தும் ஒரு வார இடைவெளியில், சனிக்கிழமை இரவு தேசிய டிவி ஆட்டங்களில் ஸ்டார்களை மொத்தமாக உட்கார வைத்தன. அந்த ஆண்டே ஓய்வுக்கென்று தனி விதி வந்தது. 2023 செப்டம்பரில் அது இன்னும் இறுகி ‘பிளேயர் பார்ட்டிசிபேஷன் பாலிசி’ ஆனது.

அந்த விதியில் ‘ஸ்டார்’ என்றால் முந்தைய மூன்று சீசன்களில் ஒரு முறையாவது ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கோ, சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியலான ஆல் என்பிஏ அணிக்கோ தேர்வானவர். ஒரே ஆட்டத்தில் இரண்டு ஸ்டார்களை ஒன்றாக உட்கார வைக்கக்கூடாது. தேசிய டிவி ஆட்டங்களிலும், சீசனுக்குள்ளேயே நடக்கும் என்பிஏ கோப்பை என்ற தனிப் போட்டியின் ஆட்டங்களிலும் ஸ்டார் கிடைக்க வேண்டும். ஓர் ஆட்டம் மட்டும் விடுவதாக இருந்தால் வெளியூர் ஆட்டத்தை விட சொந்த ஊரில் விடுவது மேல். ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஓய்வு கொடுத்தால் அவர் அரங்குக்கு வந்து ரசிகர் கண்ணில் பட வேண்டும். மீறினால் முதல் முறை 1 லட்சம் டாலர், இரண்டாம் முறை 2.5 லட்சம், மூன்றாம் முறை 12.5 லட்சம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 10 லட்சம் கூடிக்கொண்டே போகும். சீசன் தொடக்கத்தில் 35 வயதானவர், அல்லது 34,000 நிமிடம் ஆடி முடித்தவர், அல்லது பிளே ஆஃபையும் சேர்த்து 1,000 ஆட்டம் கண்டவர் என்றால், அணி முன்கூட்டியே எழுதிக் கேட்டு பேக் டு பேக்கில் விலக்கு வாங்கலாம். 34,000 நிமிடம் என்பது, இரவுக்கு 35 நிமிடம் வைத்தாலும், ஏறக்குறைய 970 ஆட்டம். விலக்கு வாங்கக்கூடியவர்கள் யார் யார் என்பது ஊரறிந்த கணக்கு. அவர்களுடைய இரண்டாம் இரவுக்கு யாரும் காசு போட வேண்டியதில்லை.

விதி அடக்குவது ‘ஓய்வை’. காயத்தை அல்ல. அப்புறம் என்ன ஆகும்? தாளில் ‘ரெஸ்ட்’ என்ற சொல் அபூர்வமாகி, ‘லெஃப்ட் நீ, இஞ்சுரி மேனேஜ்மென்ட்’ (இடது முட்டி, காயப் பராமரிப்பு) பெருகிவிட்டது. அது பொய் என்று சொல்ல முடியாது. பத்து வருஷம் இந்த லீகில் ஓடியவருக்கு முட்டியில் பராமரிக்க ஏதாவது இருக்கத்தான் செய்யும். ஆனால் வலியால் நிற்கிறாரா, வலி வரக்கூடாது என்று நிற்கிறாரா என்ற வித்தியாசம் அந்தச் சொல்லுக்குள் கரைந்துவிடுகிறது. லீக்கும் சும்மா விடவில்லை. 2023 டிசம்பர் 27 அன்று மில்வாக்கியோடு நடந்த ஆட்டத்தில் ப்ரூக்ளின் நிறுத்திய நால்வர் ஆடியிருக்க முடியும் என்று வெளி மருத்துவரின் பார்வைக்குப் பிறகு முடிவு செய்து 1 லட்சம் டாலர் தண்டம் போட்டது. 2024 நவம்பரில் கோப்பை ஆட்டத்துக்குத் தன் ஸ்டார் ட்ரே யங்கை இறக்காத அட்லாண்டாவுக்கும் அதே தொகை.

இவற்றையெல்லாம் விட விஷயத்தைப் பளிச்சென்று காட்டியது 2024 அக்டோபரில் ஃபிலடெல்பியாவுக்கு விழுந்த 1 லட்சம். அந்த அணி தன் ஸ்டார் எம்பீடுக்கு பேக் டு பேக் இனி கிடையாது என்று வெளிப்படையாகப் பேசியது. லீக் விசாரித்து, அவருடைய முட்டி நிலைமை உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டது. அபராதம் ஆடாததற்கு இல்லை, அவருடைய உடல்நிலைக்குப் பொருந்தாமல் பேசியதற்கு. லீக் பக்கத்து நியாயம் புரியாமல் இல்லை. ஆனால் மற்ற 29 அணிகளும் கற்றுக்கொண்ட பாடம் என்ன? வாயைத் திறக்காதே, தாளில் முட்டி என்று மட்டும் எழுது. ரசிகருக்கோ, மாதக்கணக்கில் முன்னாலேயே தெரிந்திருக்கக்கூடிய ஒரு தகவல் மறுபடியும் முந்தின நாள் மாலைக்குப் போய்விட்டது.

காரணப் பத்தியை விட நம்பகமான துப்பு 65 ஆட்ட விதி. 2023-24 முதல் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது), ஆல் என்பிஏ போன்ற கௌரவங்களுக்கு 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 நிமிடம், இரண்டே இரண்டு ஆட்டத்தில் மட்டும் 15 நிமிடம் போதும் என்ற சலுகை. சீசனையே முடித்துவிடும் காயம் என்றால் தனி விலக்கு உண்டு. விடக்கூடியது 17 ஆட்டம். அணிக்குச் சுமார் 15 பேக் டு பேக். ஒவ்வொன்றிலும் ஓர் இரவை விட்டால், காய்ச்சலுக்கும் கணுக்காலுக்கும் மிச்சம் இரண்டே ஆட்டம். ஆகவே எம்விபி போட்டியில் இருப்பவர், ஆல் என்பிஏ இடத்தைப் பொறுத்துப் பெரிய ஒப்பந்தம் காத்திருக்கும் இளம் ஸ்டார் இருவரும் ‘குவெஸ்சனபிள்’ என்று போட்டிருந்தாலும் இறங்கிவிடுவார்கள். 18வது ஆட்டத்தை விட்டவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஜனவரி முதல் ஒவ்வொரு ஸ்டாரும் எத்தனை விட்டிருக்கிறார் என்று ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொண்டால் பிடிஎஃப் பாதி விளங்கிவிடும்.

சேவை அடியோடு கவிழ்ந்த இரவும் உண்டு. 2024 ஜனவரி 27, டென்வரில் சனிக்கிழமை தேசிய டிவி ஆட்டம். ஃபிலடெல்பியாவின் எம்பீட் எதிர் டென்வரின் யோகிச் என்றுதான் விளம்பரமே. எம்பீட் பெயர் இஞ்சுரி ரிப்போர்ட்டில் இல்லை. ஆட்டத்துக்குச் சில நிமிடம் முன்பு முட்டி வலி, ஆடமாட்டார் என்று அறிவித்தார்கள். 2019 நவம்பருக்குப் பிறகு அந்த அரங்கில் அவர் ஆடியதே இல்லை, வந்தவர்களின் எரிச்சலைக் கேட்கவா வேண்டும்? பெயரைத் தாளில் போடாததற்கு லீக் 75,000 டாலர் அபராதம் விதித்தது. மூன்று நாள் கழித்து கோல்டன் ஸ்டேட் அரங்கில் அவர் இறங்கினார். நான்காம் குவார்ட்டரில் கீழே கிடந்த பந்துக்காக நடந்த இழுபறியில் அதே இடது காலின் மேல் எதிரணி ஆள் விழ, முட்டிக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பில் கிழிசல், அறுவை சிகிச்சை. அந்த சீசனின் 82 ஆட்டங்களில் அவருக்கு மொத்தம் 39தான். விழுந்த விபத்தை எந்தத் தாளும் முன்கூட்டிச் சொல்லாது. டென்வர் இரவை மட்டும் சொல்லியிருக்கலாம்.

ஓய்வு கொடுத்தால் காயம் குறையுமா என்பதில் அணி மருத்துவர்களும் லீக்கும் ஒரே பக்கம் இல்லை. 2019இல் டொரான்டோ தன் ஸ்டார் கவாய் லெனர்டை 60 ஆட்டம் மட்டும் ஆடவிட்டு லீக்கின் சாம்பியன் பட்டத்தைத் தூக்கியது. அன்றிலிருந்து எல்லா அணிக்கும் அதுவே மந்திரம். 2024 ஜனவரியில் லீக் அணிகளுக்கு அனுப்பிய ஆய்வோ, ஓய்வுக்காக ஆட்டங்களை விடுவதால் பின்னால் வரும் காயம் குறைகிறது என்று தரவு காட்டவில்லை என்றது. டிக்கெட் விற்கிறவரே கொடுத்த அறிக்கை என்பதையும் மறக்க வேண்டாம். உட்கார வைக்கப்படுகிறவர்கள் ஏற்கெனவே காயத்துக்கு அருகில் இருப்பவர்கள், அவர்களை முழு ஆரோக்கியமுள்ளவர்களோடு ஒப்பிடுவது நியாயமான தராசு ஆகாது.

மார்ச் கடைசியிலிருந்து இந்தத் தாளின் குணமே மாறிவிடும். பிளே ஆஃபில் இடம் உறுதியான அணிகளும், புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் நல்ல இடத்துக்காகத் தோற்க விரும்பும் அணிகளும் பட்டியலை நிரப்பித் தள்ளும். 2023 ஏப்ரல் 7 அன்று டல்லாஸ் அணி, பிளே ஆஃபுக்கான கடைசித் தகுதிச் சுற்றான ‘பிளே இன்’ வாய்ப்பு இன்னும் கையில் இருக்கும்போதே, முக்கியமானவர்களை சிகாகோவுக்கு எதிராக நிறுத்திவிட்டு 7.5 லட்சம் டாலர் கட்டியது. கடைசி இரண்டு வார டிக்கெட்டை ஸ்டாருக்காக முன்கூட்டி வாங்காதீர்கள். பிடிஎஃப் வந்த பிறகு மறுவிற்பனையில் பாருங்கள். பெயர்கள் ‘அவுட்’ ஆகும்போது விலையும் கூடவே இறங்கும். மாறாக, சீசன் நடுவில் வரும் தேசிய டிவி ஆட்டங்களில் ஸ்டார் இறங்குவதற்கு வாய்ப்பு அதிகம். விதியும் அந்தப் பக்கம், ஷெட்யூல் போடுகிறவர்களின் கையும் அந்தப் பக்கம்.

லீக் திருத்த வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. பிடிஎஃப்பாகக் கொடுப்பதால் போனில் பெரிதாக்கி, இழுத்து, தேட வேண்டியிருக்கிறது. அணியின் பெயரைத் தட்டினால் வரும் ஒரு சாதாரணப் பட்டியல் போதும். எந்த ஸ்டாருக்கு பேக் டு பேக் விலக்கு கிடைத்திருக்கிறது என்பது லீக்கிடம் முன்பே இருக்கும் தகவல். அதை ஷெட்யூல் பக்கத்திலேயே அந்தந்த ஆட்டத்துக்கு எதிரே போட்டுவிடலாம். இரண்டாம் இரவுக்கான பகல் 1 மணிக் கெடுவைக் காலை 9 ஆக்கினால், தூரத்திலிருந்து வருகிறவர் வண்டியைக் கிளப்பும் முன்பே தெரிந்துகொள்வார்.